சின்ன டிராக்டரில் எண்ணெய் வெளுத்த நாட்கள்

அக்டோபர் 3, வெள்ளி

காலை வெயில். மூன்று மணிக்கு மேல் மழை, கூலாய் ஊர் முழுக்க இருட்டு. தொழிற்சாலை வேன் இரண்டு நடை. செனாய் சாலையில் நெரிசல். எட்டுப் பேர் வேலைக்குத் தாமதம். எட்டுப் பேரும் என் பிடரியைப் பார்த்தார்கள். நான் முன்னால் நின்ற லோரியைப் பார்த்தேன்.

செய்ய வேண்டியவை:
வேன் பின்சக்கரத்துக்குக் காற்று.
வீட்டுக்காரி சரோஜாவுக்கு முறுக்கு அச்சு. (பழையதை நான்தான் தொலைத்தேனாம்.)
கோயிலில் இரவல் வாங்கிய வாட்டர் ஜெட்டைத் திருப்பிக் கொடுக்க.

ஐந்து மணிக்கு மகள் வந்தாள். யோகா. முகம் சரியில்லை. முழங்கால் வரை சேறு, அது வழக்கம். முகம்தான் வழக்கம் இல்லை.

"ப்பா, டிராக்டர் டிரெய்லரத் தூக்க மாட்டேங்குது. பாதி தூக்கி நடுங்குது. உள்ள ஏதோ ஊளையிடுற மாதிரி சத்தம்."

"எப்ப இருந்து?"

"நேத்து மத்தியானத்துல இருந்து. நான்தான்ப்பா. பள்ளத்துல தண்ணி நின்னுச்சு, ஹாஜி போவாதன்னு சொன்னாரு. சீக்கிரம் முடிக்கணும்னு எறக்கிட்டேன். சக்கரம் பாதி முழுகிருச்சு."

நான் தலையாட்டினேன், தெரிந்தவன் மாதிரி. முப்பது வருடமாக ஓட்டுநர். ஆனால் போனட்டைத் திறந்தால் எனக்குக் கருவறை மாதிரி. வெளியே நின்று கும்பிடுவதோடு சரி.

இன்னும் பத்து நாள். 13-ஆம் தேதி திங்கட்கிழமை ஹாஜி முடிவு சொல்வார். செடெனாக் பக்கம் அவருக்கு நாற்பது ஏக்கர் செம்பனைத் தோட்டம், மண் முழுக்கச் சதுப்பு, லோரி இறங்கினால் எழும்பாது. சின்ன டிராக்டர்தான் பழக்குலையை ரோட்டோரம் கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் சோதனை. பிடித்தால் வேலை இவளுக்கு. பிடிக்காவிட்டால் மறுபடியும் சிங்கப்பூர், அதே மின்னணுத் தொழிற்சாலை, விடியுமுன் எழுந்து எல்லைப் பாலத்தில் வரிசை. நாலு வருடம் அப்படி நின்றுவிட்டுத்தான் இந்தப் பழைய டிராக்டரை வாங்கினாள். அங்கே இருந்தபோது அவள் வீட்டில் சிரித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. டிராக்டர் வந்த பிறகு குளிக்கும்போது பாடுகிறாள். சுருதி கிடையாது. இருந்தாலும்.

இன்று பாட்டு இல்லை.

அக்டோபர் 4, சனி

மழை இல்லை. புழுக்கம். பசியாற இடியப்பம்.

யோகா ஆ லியோங்குக்கு போன் போட்டாள். கூலாயில் பட்டறை வைத்திருக்கும் சீன மெக்கானிக். தோட்டத்தில் எங்களோடு வளர்ந்தவன், தமிழில் திட்டும்போது எழுத்துப் பிழையே வராது. மனைவியின் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று குளுவாங்கில் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டாள். இவளை அவன் ஆமோய், அதாவது சின்னப் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவான்.

"ஆமோய், மூடியத் தொற. அதோட சேந்து குச்சி வரும். எண்ணெய் என்னா கலரு? பால் இல்லாத தே ஓ மாதிரியா, பால் கலந்த தே தாரேக் மாதிரியா?"

இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூடியை அவள் திருகி எடுத்தாள். குச்சியில் எண்ணெய் நுரையும் வெளுப்புமாக.

"தே தாரேக், அங்கிள். பால் ஜாஸ்தி."

"அலாமா. தண்ணி உள்ள போயிருச்சு. அந்த எண்ணெய்தான் கியருக்கும், அதேதான் தூக்குறதுக்கும். பூரா எறக்கிட்டு மாத்தணும், ஃபில்டரும் மாத்தணும். ஃபில்டர் நான் சொல்லி வைக்கிறேன், வெள்ளிக்கெழமதான் வரும். அதுவரைக்கும் மெதுவா ஓட்டு, தூக்காத. பள்ளத்துல எறக்கினியா?"

யோகா குச்சியையே பார்த்தாள்.

"எறக்கினேன் அங்கிள்."

"அதான்."

அவள் குச்சியைத் துடைத்து, மூடியை வைத்து, இறுக்கித் திருகினாள். கையை, மூடியை, அந்தத் திருகலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. டிராக்டரைக் கழுவினேன், மஞ்சள், சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. சரோஜா: "ஒரு எடம் விடாம பொட்டு வைங்க, நம்ம புள்ளைக்குச் சோறு போடுற வண்டி." ஒரு இடம் விடவில்லை. அந்த மூடியையும் கழற்றி, உள்பக்கமும் துடைத்து, குச்சியின் தலையில் குங்குமம் வைத்து, திரும்ப வைத்தேன். வைத்தேன். திருகினேனா?

மாலையை அந்த இருக்கையில்தான் போட்டேன்.

வியாழன் காலை யோகா: "ப்பா, சீட்டெல்லாம் பூ, வழுக்குது. கழுவி விடுங்க." ஜெட் கையில் இருந்தது. எட்டூர் தண்ணீரையும் அடித்தேன். இருக்கைக்குப் பின்னால் முக்கியமாக. பூ அங்கேதான் ஒட்டியிருந்தது.

அவள் பள்ளத்தில் இறக்கியது அதற்குப் பிறகு. அவள் வண்டியை எடுத்துப் போகும்போது மூடி இறுகியிருந்ததா, ஜெட்டுக்குப் பிறகு நானே கைபட்டு இறுக்கினேனா, நினைவில்லை. அந்தக் காலையில் நினைவிருப்பது ஒன்றுதான், வாசலில் வண்டி மின்னியது, எதிர்வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன், வாங்கியவன் நான் மாதிரி.

அக்டோபர் 6, திங்கள்

தூறல். வேன் ஒரே நடை. மத்தியானம் வீட்டில் தனியாக. யோகா ஹாஜியின் மோட்டார் சைக்கிளில் ஏறி எங்கோ வரப்பு பார்க்கப் போயிருந்தாள், டிராக்டர் வாசலில். சரோஜா கோயிலில்.

எனக்கு ஒரு யோசனை. பால் அதிகமான தேநீரில் இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினால் சரியாகிவிடும் அல்லவா? கடையில் அதற்குரிய எண்ணெய் ஒரு வாளி வாங்கி வந்தேன். குச்சியை எடுத்துப் பார்த்தேன். அளவு குறைவு! கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஆகா, அதுதான் நோய் என்று சந்தோஷம். ஊற்றினேன். கோடு வரும்வரை ஊற்றினேன்.

மழைத் தண்ணீர் வடிய டிரெய்லரைப் பாதி தூக்கி, பலகை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். போகும்போது அதை இறக்கி வைப்போமே என்று பலகையை எடுத்து, லீவரைத் தள்ளினேன். டிரெய்லர் இறங்கியது. டிரெய்லரைத் தூக்கும் தண்டுக்குள் நின்ற எண்ணெய் எல்லாம் உள்ளே திரும்பியது. இடம் வேண்டுமே. மூடியின் மூச்சுத் துளை வழியாகப் பாலும் சாயமுமாகப் பீறிட்டு என் கைலியில்.

டிரெய்லரை இறக்கி வைத்துவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டுமாம். இது இப்போது தெரியும்.

கைலியைப் பக்கெட்டில் ஊறப்போட்டேன். தரையை மணல் போட்டுத் துடைத்தேன். மீதி எண்ணெய் வாளி: கோழிக்கூண்டுக்குப் பின்னால்.

அக்டோபர் 7, செவ்வாய்

சரோஜா கைலியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னாங்க?"

"எண்ணெய்."

"தெரியுது. எந்த வேலைக்குப் போனீங்க, பலகாரம் சுடவா?"

சொல்லிவிட்டேன். மூடி, பூ, ஜெட், எல்லாம். அவள் கைலியைத் திரும்பப் பக்கெட்டில் போட்டாள்.

"நான் பொட்டு வைக்கத்தானே சொன்னேன். வயித்தத் தொறந்து வைக்கச் சொன்னனா?"

"சத்தமா பேசாத லா."

"அவ மூணு நாளா தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா. இன்னிக்குச் சொல்றீங்க. சாப்பிடறப்ப."

சாப்பிடும்போது யோகா கையைக் கழுவ வந்தாள். குலை முள் குத்தி, உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. தூக்க முடியாததால் குலையெல்லாம் கம்பியால் குத்திக் கையாலேயே இறக்குகிறாள். நான் வாயைத் திறந்தேன்.

"ரசம் வேணுமா?" என்றேன்.

சரோஜா என்னைப் பார்த்த பார்வைக்கு ரசமே கொதித்திருக்கும்.

அக்டோபர் 9, வியாழன்

அரைநாள் விடுப்பு. செடெனாக் போய் அவளோடு குலை இறக்கினேன். இறக்கினேன் என்பது பெரிய வார்த்தை. ஏழாவது குலையில் இடுப்பு பிடித்தது. எட்டாவது குலை என் மேல் விழுந்தது. வெட்டுக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு வந்து தூக்கிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

லோரி வந்து நாற்பது நிமிடம் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஹாஜி மோட்டார் சைக்கிளில் வந்தார். எழுபது வயது, வெள்ளைத் தொப்பி, மரியாதையான மனிதர். கடிகாரத்தைப் பார்த்தார். யோகாவின் கையைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரம். போய்விட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் வேனில் நாங்கள் இருவர் மட்டும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "யோகா" என்றேன்.

"ம்?"

"அந்த எண்ணெய்..."

"பேச வேணாம்ப்பா. ப்ளீஸ். நாளைக்கு ஃபில்டர் வரட்டும்."

ரேடியோ போட்டேன். தீபாவளி விளம்பரம். அணைத்தேன்.

இடுப்புக்குத் தைலம். சரோஜா தேய்த்துவிட்டாள், தேவைக்கு அதிகமாக அழுத்தி.

அக்டோபர் 10, வெள்ளி

ஃபில்டர் வந்தது. ஆ லியோங் குளுவாங்கிலிருந்தே யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டான். சின்ன டப்பா, பிஸ்கட் டின் அளவு.

மத்தியானம் யோகா சமையலறைப் பின்வாசலில் போனில். நான் உள்ளே முறுக்கு மாவு பிசைந்துகொண்டு (தண்டனை).

"ஆமாக்கா... இல்லக்கா, ஒத்து வரல. நாந்தான் வண்டிய கெடுத்துட்டேன். தீபாவளி முடிஞ்சு வரேன். பழைய லைன்ல எடம் இருந்தா போதும்... ஷிஃப்ட் எதுவா இருந்தாலும் பரவால்ல."

சிங்கப்பூர் தொழிற்சாலையில் அவளுடைய லைன் லீடர்.

மாவுக் கையோடு வெளியே போனேன்.

"நீ கெடுக்கல. நான்தான்." எல்லாவற்றையும் சொன்னேன். நின்று, திக்கி, முதலில் இருந்து ஒருமுறை, நடுவில் இருந்து ஒருமுறை.

அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"ப்பா. ஸ்கூல் லேப்ல நான் கண்ணாடிக் குழாய ஒடச்சப்ப என்னா சொன்னீங்க? வாத்தியார்கிட்ட வந்து, 'நான்தான் சார், அவளை எடுக்க வந்தப்ப கை பட்டுருச்சு'ன்னு. நீங்க அன்னிக்கு லேப் பக்கமே வரல."

"அது வேற."

"மாமாவோட சைக்கிளை நான் தொலைச்சப்ப?"

"அதுவும் வேற யோகா."

"எனக்காகப் பழிய ஏத்துக்காதீங்க. நான் சின்னப் புள்ள இல்ல. பள்ளத்துல எறக்கினது நான்தான், ஹாஜி சொல்லச் சொல்ல எறக்கினேன். என் புத்திய நான் தெரிஞ்சுக்கணும்ல?"

உள்ளே போய்விட்டாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லி நம்பவைத்தேன். ஒரு உண்மை, அதுவும் எனக்கே கேவலமான உண்மை, எடுபடவில்லை. சரோஜாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "அம்மாவையும் சேத்துக்கிட்டீங்களா?" என்று உள்ளிருந்து குரல்.

முறுக்கு மாவில் உப்பு இரண்டு முறை.

அக்டோபர் 11, சனி

வெயில். நல்லதாகப் போயிற்று.

ஆ லியோங் போனில், யோகா கையில். நான் பக்கத்தில், கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

வரிசை (அவன் சொன்னபடி, அடுத்த முறைக்கு):
சமதரை.
பத்து நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்க.
டிரெய்லர் இறக்கி, எஞ்சின் நிறுத்தி, சாவி கையில்.
கீழே தாம்பாளம், வாளி, எது இருக்கோ அது.
அடிநட்டு ஒன்றல்ல, மூன்று. மூன்றும் கழற்ற.

எண்ணெய் இறங்கியது. தே தாரேக்கேதான். முதலில் அடியில் தெளிந்த தண்ணீர், பிறகு வெளுத்த எண்ணெய், சரோஜாவின் பழைய பலகாரத் தாம்பாளம் நிறைந்து வழிந்தது. (அவளுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.)

"எவ்ளோ தண்ணி பாருங்கப்பா. அவ்ளோ நேரமா நான் பள்ளத்துல நின்னேன்?"

"அது ஜெட்டு" என்றேன். அவள் அடுத்த வாளியைக் கீழே தள்ளினாள்.

"இப்ப சல்லடைய கழட்டு ஆமோய், ஃபில்டருக்குப் பின்னாடி. இழு. மெதுவா."

யோகா படுத்தபடி கையை உள்ளே விட்டாள். நான் டார்ச் பிடித்தேன். நான் சாமி கும்பிடும்போது வேண்டுவதெல்லாம் பொதுவாக அவள் நல்லாயிருக்கணும், இடுப்பு வலிக்கக்கூடாது, இப்படி. இன்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன்: தாயே, நான் செய்த தப்புக்கு ஏதாவது ஒரு அடையாளம் உள்ளே இருக்கட்டும்.

சல்லடை வந்தது. கம்பி வலையில் பிசுபிசுப்பு. விரலால் வழித்தாள். நிறுத்தினாள்.

ஒரு துண்டு நூல். மாலை கட்டுகிற வெள்ளை நூல். அதில் முடிச்சோடு, எண்ணெயில் ஊறிப் பழுப்பாகி, செவ்வந்தி இதழ் நாலைந்து.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"பள்ளத்துல செவ்வந்தி கெடையாதுல்ல" என்றேன்.

"ப்பா."

"சொன்னேன்ல."

"ப்பா!"

எழுந்து உட்கார்ந்தாள். எண்ணெய்க் கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. இன்னொன்றும் வைத்தாள். பிறகு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், எது எப்போது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நான் டார்ச்சை அணைக்காமல் பட்டப்பகலில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போனில் ஆ லியோங்: "ஒய், என்னா நடக்குது? யாராச்சும் செத்துட்டீங்களா?"

"இல்ல அங்கிள். அப்பா எண்ணெய்க்குள்ள அர்ச்சனை பண்ணியிருக்காரு."

அவன் சீன மொழியில் நீளமாக ஏதோ சொன்னான். மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை.

சல்லடையை டீசலில் கழுவினோம். புது ஃபில்டரின் ரப்பரில் எண்ணெய் தடவிக் கையால் மட்டும் இறுக்கினாள். அடிநட்டு மூன்றும் எண்ணிப் பார்த்து மாட்டினாள். புது எண்ணெய் ஊற்ற நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் அந்தத் திறந்த வாளியையும் எடுத்து வந்தேன். "இது எப்ப வாங்கினது?" என்றாள். அதையும் சொன்னேன். இன்னொரு அடி.

ஓட்டினாள். டிரெய்லர் தூக்கியது. நடுக்கம் குறைவு. ஊளை இருக்கிறது, ஆனால் தூரத்தில்.

"ஒரு தடவ போதாது" என்றான் ஆ லியோங். "உள்ள ஒட்டிக்கிட்டுத் தண்ணி இருக்கும். நாளைக்கும் எறக்கு."

அக்டோபர் 12, ஞாயிறு

மறுபடியும் எல்லாம். இந்த முறை இறங்கியது கொஞ்சம் கலங்கல், பால் இல்லை. இரண்டாவது நிரப்பல். குச்சியில் தேன் நிறம். டிரெய்லர் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆறு தடவை, மறுபடியும் அளவு பார்த்து, ஒரு கிளாஸ் ஊற்றினாள்.

ஆ லியோங் நேரிலேயே வந்துவிட்டான். காதை எண்ணெய்ப் பம்ப் மேல் வைத்துக் கேட்டான், டாக்டர் மாதிரி. தலையை ஆட்டினான்.

"தண்ணியோட ஒரு வாரம் ஓடியிருக்கு. உள்ள கொஞ்சம் தேஞ்சிருக்கும். மூணு மாசமும் ஓடும், நாளைக்கே போனாலும் போவும்."

"அதுக்கு என்னா பண்றது?" என்றேன்.

"நீயா? ஒண்ணும் பண்ணாத. தயவு செஞ்சி."

சரோஜா அவனுக்கு முறுக்கு கொடுத்தாள். உப்பு முறுக்கு. ஒன்று தின்றுவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தான்.

சிங்கப்பூர் அக்காவுக்கு யோகா போன் செய்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

வேனை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு செடெனாக் போனேன். ரோட்டோரம், தூரத்தில், ஒரு செம்பனைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். என் வயிற்றுக்கு அந்த மரம் போதாது என்று யோகா பிறகு சொன்னாள்.

முதல் நடை. டிரெய்லர் ஏறியது. குலை சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் பாதியில் நின்றது. அவள் இறக்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, மறுபடியும் தூக்கினாள். ஏறியது. லோரி வருவதற்கு முன் முடித்துவிட்டாள், பத்து நிமிடம் மிச்சம்.

ஹாஜி எல்லாவற்றையும் பார்த்தார். நாலாவதையும் பார்த்தார்.

அவளிடம் மலாயில் மெதுவாகச் சொன்னார். அவள் வந்து சொன்னது: வருடம் முழுக்க வேலை என்று இப்போது சொல்ல முடியாது. டிசம்பர் வரைக்கும் பார்க்கலாம். வண்டி நின்றால் அன்றோடு சரி. பள்ளத்தில் இனி ஒரு தடவை இறக்கினாலும் அன்றோடு சரி.

"அப்ப சிங்கப்பூர்?"

"அக்காகிட்ட டிசம்பர் வரைக்கும் எடத்தைப் பாத்து வைக்கச் சொல்லிருக்கேன்."

சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. பாதி பட்டேன்.

வீடு வந்ததும் மூடியைத் தட்டிக் காட்டினாள். "இது இனிமே உங்க வேலை. தெனம் காலைல. சமதரை, டிரெய்லர் எறக்கி. கலரு பாத்துட்டு எனக்குச் சொல்லணும்."

"நானா?"

"நீங்கதான். பம்ப்பை உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, என்னாலயும் முடியாது. மூடியயாச்சும் திருகுங்க."

அக்டோபர் 14, செவ்வாய்

காலை 6.10. இரவு மழை, தரை ஈரம். டிரெய்லர் கீழே. குச்சி எடுத்தேன், துடைத்தேன், விட்டேன், எடுத்தேன். மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. தேன் நிறம். நுரை இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும், பாட்டு இன்னும் இல்லை.

"தே ஓ!" என்று கத்தினேன்.

"சரிப்பா!"

மூடியைத் திருகினேன். வாசல்படி வரை வந்தேன். திரும்பிப் போய் இன்னொரு தடவை திருகிப் பார்த்தேன்.